ஆறு மாதக் குழந்தைக்கு ஒரு வட்டமேசை மாநாடு

பிள்ளை பெற்றவள் வேலைக்குத் திரும்பப் போகிறாள் என்றால் போதும், நம் வீடுகளில் வட்டமேசை மாநாடு கூடிவிடும். பொருள்: குழந்தையை டேகேரில் விடலாமா, கூடாதா. தலைமை, பெரியப்பா. தன் பிள்ளைகள் எத்தனாவது படிக்கிறார்கள் என்பதையே ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போது தெரிந்துகொண்டவர். "பெத்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது புள்ளைய கூலிக்கு ஆள் வெச்சு வளக்கறதா?" என்று தொடங்கிவைப்பார். பெங்களூரிலிருந்து நாத்தனார் வீடியோ காலில் வருவார். டேகேர் பிள்ளைகளுக்குச் சளி ஓயாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததை அவையில் வாசிப்பார். எதிர்வீட்டு அம்மா வந்தது என்னவோ உறைமோர் வாங்க. ஆனாலும் கருத்துச் சொல்லாமல் போனால் நன்றாக இருக்குமா?

குழந்தையின் அப்பா மட்டும் நடுநிலை. "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்று பெருந்தன்மையோடு அறிவித்துவிட்டு மொபைலுக்குள் போய்விடுவார். பிள்ளையை அவள் சீர்வரிசையோடு கொண்டுவந்து இறக்கியது போல.

அடுத்து வரவுசெலவு அறிக்கை. "டேகேருக்குப் பத்தாயிரம், ஆட்டோவுக்கு மூவாயிரம். உன் சம்பளத்துல பாதி போயிடுதே, அப்புறம் எதுக்கு இந்த வேலை?" கவனித்தீர்களா, உன் சம்பளத்தில். கார் தவணையை யாரும் கணவனிடம் இப்படி நீட்டியதில்லை. பிள்ளைக்கு இனிஷியல் அப்பாவுடையது, டேகேர் பில் அம்மாவுடையது.

கடைசியில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறும்: "உங்கம்மாவை ஊர்லேருந்து வரச் சொல்லு." அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரை. ஊரில் அவள் புருஷனுக்கு மதியம் யார் சோறு போடுவது என்பது நிகழ்ச்சி நிரலிலேயே கிடையாது. சம்பளம் இல்லை, லீவு இல்லை, பி.எஃப். இல்லை. தன் பிள்ளைகளை வளர்த்து முடித்து மூச்சு விட்டவளுக்கு அறுபது வயதில் மறுபடியும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். இதற்குப் பெயர் பாசம். டேகேர் ஆயா அதே வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தால் அதற்குப் பெயர் கூலி.

மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிட்டது நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். அந்த 88-உம் வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரிதான். துரும்பைக்கூட நகர்த்தாதவர்கள் அந்தச் சராசரிக்குள்ளேயே வரமாட்டார்கள். பெரியப்பா அந்த ரகம்.

சரி, வீட்டை விடுங்கள். நாட்டுக்கு வருவோம். காகிதத்தில் நமக்கு ஒரு குறையும் இல்லை. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் பிள்ளைகளுக்கு அறை வை என்று 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 1951-இல் தேயிலைத் தோட்டங்களுக்கும் அப்படி ஒரு சட்டம் வந்தது. இலங்கை மலையகத்தில் இந்த மாதிரி அறைக்குப் பிள்ளை மடுவம் என்று பெயர். கொழுந்து பறிக்கக் கை வேண்டும் என்றால் அந்தக் கையில் இருக்கும் பிள்ளையை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும் என்பது தோட்டத்துத் துரைக்குக்கூடப் புரிந்திருந்தது. கண்ணாடிக் கட்டடத்து எச்.ஆருக்குப் புரியவில்லை.

2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். படிக்கவே நெஞ்சு குளிர்கிறது. இந்தச் சட்டப்படி சம்பளச் செலவு முழுக்க முதலாளி தலையில், அரசுக்கு ஒரு பைசா இல்லை. உடனே முதலாளிகள் கண்டுபிடித்த உபாயம், இன்டர்வியூவில் "கல்யாணம் ஆயிடுச்சாம்மா? குழந்தை பிளான் இருக்கா?" என்று கேட்பது. காப்பகம்? சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்த ஓர் அறை இருக்கும். உள்ளே ஓடாத பிரிண்டர், கால் உடைந்த சுழல்நாற்காலிகள், போன வருட ஆயுத பூஜைத் தோரணம். சாவி செக்யூரிட்டியிடம். மகளிர் தினத்தன்று மட்டும் ஆளுக்கொரு ரோஜாப்பூ, ஒரு சாக்லேட். அதில் குறை வைத்ததே இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 26 வாரம் என்றால் ஆறு மாதம். அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால், வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு நாலு மாதம் சொச்சம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் எழுதிவைத்திருப்பதும் இதே அரசுதான். நம் அங்கன்வாடியில் பிள்ளை உட்கார இரண்டு வயதாக வேண்டும். அதுவரை சத்துமாவு பாக்கெட். இடையில் ஒன்றரை வருடத்துக்கும் மேல் பிள்ளை எங்கே இருக்கும்? அந்தரத்திலா?

அதற்கும் மத்திய அரசிடம் ஒரு திட்டம் உண்டு, 'பால்னா'. ஆறு மாதக் குழந்தையையும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடி. நாட்டில் அங்கன்வாடிகள் கிட்டத்தட்ட 14 லட்சம்; பால்னாவுக்கு வைத்த இலக்கு 17,000. நூற்றுக்கு ஒன்று சொச்சம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இது பொரியின் போட்டோ.

தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் மகப்பேறு விடுப்பு தருகிறது. நல்ல காரியம். ஒரு வருடம் தாய் உடனிருக்க வேண்டும் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது. அது திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண்ணின் பிள்ளைக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போனது? இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் நம் மாநிலத்தில்தான் என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோமே, அவர்கள் பெற்ற பிள்ளைகளைப் பற்றி எந்த மேடையில் பேசினோம்? அமைப்புசாராத் தொழிலாளிப் பெண்ணுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய், அதிலும் ஒரு பகுதி சத்துப் பெட்டகமாக. விடுப்பு கிடையாது. சித்தாளுக்கு மாநாடும் கிடையாது. சாரத்துக்குக் கீழே சேலையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு ஜல்லி சுமக்கிறாள். அந்தக் கட்டடம் எழுந்ததும் விளம்பரம் வரும்: 'கிட்ஸ் பிளே ஏரியா உண்டு.'

டேகேர்களும் ஒன்றும் கோயில் இல்லை. வாடகை வீட்டுக் கீழ்த்தளத்தில் கார்ட்டூன் பலகை மாட்டினால் முடிந்தது கதை. எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆயா, அவருக்கு என்ன சம்பளம் என்று கேட்டால் சிசிடிவி ஆப்பைக் காட்டுவார்கள். இரண்டரை வயதுக்குக் கறுப்பு அங்கி மாட்டி 'கிராஜுவேஷன் டே' நடத்துகிறார்கள். பிள்ளைக்கு இன்னும் டயப்பர் போகவில்லை. அங்கன்வாடியிலோ ஊழியருக்கு மத்திய அரசு இத்தனை வருடமாகியும் தருவது மதிப்பூதியம்தான். அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022-இல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. திட்டம் தொடங்கியது 1975-இல்.

இத்தனை பேர் கைகழுவிவிட்டுப் போன பிறகு, இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தியை நடுக்கூடத்தில் நிறுத்தி, "உனக்குப் புள்ளை முக்கியமா, வேலை முக்கியமா?" என்கிறீர்கள். மனசாட்சி உள்ளவர் கேட்கிற கேள்வியா இது?

கேள்வி கேட்டே தீர வேண்டும் என்றால் ஆளை மாற்றுங்கள். அந்த யானை வரைந்த அறையின் சாவி எங்கே என்று மேனேஜரைக் கேளுங்கள். அஞ்சரை மணிக்குப் பிள்ளையை யார் கூட்டிவருவது என்று மகனைக் கேளுங்கள். ஓட்டுக்கு வருகிறவரிடம், ஆறு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும் அங்கன்வாடி எங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை பெரியப்பாவை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள்.