அரை அங்குலச் சதி

கற்பனைக் கோட்டை ஒன்றுக்குப் பொறிவைத்த படிக்கட்டு வரைந்து தரச் சொன்னால் பெரும்பாலும் ஒரே படம்தான் வந்து சேரும். எதிரி ஏழாவது படியில் கால் வைக்கிறான். எங்கோ ஒரு கொக்கி கழல்கிறது. படிப்பலகைகள் ஒருசேர மடிந்து சறுக்குமரமாகிவிட, ஆள் வழுக்கிக்கொண்டே போய்க் குழியில் விழுகிறான். குழியில் முதலை. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு வெளிவந்த 1974க்குப் பிறகு இந்த முதலை எத்தனை கோட்டைகளில் வேலை பார்த்துவிட்டது! எதிரி வராத வருஷங்களில் அதற்கு யார் தீனி போட்டார்கள் என்று மட்டும் குறிப்பு இராது. முதலையை விடுவோம், கொக்கிக்கு வருவோம். ஒரு மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு தேக்குப்பலகை ஏறக்குறைய 10 கிலோ. இருபது படிக்கு 200 கிலோ. மேலே ஐந்து பேர் ஏறினால் இன்னொரு 300. இந்த அரை டன் பாரத்தை இரவும் பகலும் தாங்கிநின்று, வேண்டிய நொடியில் மட்டும் அந்தக் கொக்கி நழுவ வேண்டும். மலேசியாவில் எங்கள் மேரு வட்டாரத்து ஈரக்காற்றில் இரும்புக் கேட்டின் பூட்டே ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை. இரும்பு துருப்பிடிக்கும், மரம் உப்பும், மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். எதிரி வந்து நிற்கும்போது கொக்கி அசையாது. சமையற்காரர் சோற்றுக் குண்டானோடு ஏறும்போது கட்டாயம் அசையும். ஆகவே என் கட்சி இது: சக்கரமும் சங்கிலியும் வேண்டாம். ஒரே ஒரு படியை மற்றவற்றைவிட அரை அங்குலம் உயர்த்திக் கட்டினால் போதும்.

நம் முன்னோர் பொறி வைக்கவில்லையா என்று கேட்பார்கள். வைத்தார்கள். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகள் வரிசையாக வருகின்றன: அம்பெய்யும் வில், கல் வீசும் கவண், காய்ச்சிய நெய், மதிலுச்சியைப் பற்றுகிறவன் கையைக் குத்தும் ஊசி. கருவிரல் ஊகம் என்று ஒன்று. கரிய விரல்களோடு குரங்கு உருவில் இருந்து, கிட்ட வருகிறவனைக் கடிக்குமாம். (அதன் மேம்பட்ட வடிவம் பத்துமலையில் உயிரோடு திரிகிறது. எண்ணெய் போட வேண்டியதில்லை. வாழைப்பழச் செலவையும் பக்தர்களே ஏற்கிறார்கள்.) ஆனால் இவையெல்லாம் இருந்தது மதிலில். நடுராத்திரியில் மதிலைத் தொற்றி ஏறுகிறவன் பால்காரன் இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. படிக்கட்டு அப்படியா? அரசர், அரசி, தண்ணீர்க்குடம் சுமப்பவர், வரி கட்ட வந்தவர் என்று ஊரே ஏறி இறங்கும் இடம். அங்கே வைக்கும் பொறிக்கு ஆள் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். கொக்கிக்குத் தெரியாது. உயர்ந்த படிக்குத் தெரியும்: தினமும் ஏறுகிற வீட்டுக்காரரின் கால் அதை மனப்பாடம் செய்துவிடுகிறது, புதிதாக வந்தவன் கால் முதல் இரண்டு மூன்று படிகளில் பிடித்த தாளத்தை நம்பி மோசம்போகிறது.

அரை அங்குலம் யாரை வீழ்த்தும் என்று சிரிப்பவர்கள் நியூயார்க் நகரின் புரூக்ளினைக் கேட்கலாம். 36ஆவது தெரு சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிடச் சற்றே உயரமாக இருந்தது. 2012இல் ஒரு திரைப்படக்காரர் அங்கே கேமராவை வைத்தார். ஆண், பெண், குழந்தையைத் தூக்கி வந்தவர் என்று ஒருவர் பின் ஒருவராக அதே படியில் தடுக்கினார்கள். படம் வெளியானதும் நிர்வாகம் ஓடிவந்து படியைச் சரிசெய்தது. அமெரிக்காவின் குடியிருப்புக் கட்டட விதியும் இதை அறிந்தே, ஒரே படிவரிசையில் உயர வேறுபாடு 9.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? 1822இல் சிங்கப்பூரை வகுத்த ராஃபிள்ஸ், கடைகளுக்கு முன்னால் தொடர்ச்சியான நடைவழி வேண்டும் என்று விதித்தார்; அதுதான் நம் ஊர்களிலும் ஐந்தடி நடைவழியாக வந்து சேர்ந்தது. மட்டத்தைக் கடைக்காரர்கள் அவரவர் விருப்பத்துக்கு வைத்துக்கொண்டார்கள். கிள்ளானின் பழைய கடைவரிசைகளில் வாடிக்கையாளர் கைப்பேசியைப் பார்த்தபடியே ஏறி இறங்கிப் போவார். சுற்றுலாப்பயணி இரண்டாவது கடையிலேயே தூணைக் கட்டிக்கொள்வார்.

வரலாற்றாளர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். கோட்டைகளின் சுழற்படிகள் எதிரியின் வாள்கையை முடக்கவே வலப்பக்கமாகச் சுழன்றன என்ற கதை 1902இல் தியோடர் குக் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவியது, இன்று அது எடுபடுவதில்லை; அங்கே உயரம் மாறி அமைந்த தடுக்குப்படிகளும் கொத்தனார் கைவரிசை அல்லது பிற்காலச் செப்பனிடல்தான் என்பார்கள். இருக்கட்டும். கொத்தனார் கண்ணயர்ந்த ஒரு பிற்பகலில் தானாகவே அமைந்துவிடும் பொறியைவிட மலிவானது உண்டா? மெனக்கெட்டவர்கள் என்ன கண்டார்கள்? இலங்கையின் சிகிரியா மலைக்கோட்டையில் எதிரி தலையில் உருட்டிவிடுவதற்கென்று சொல்லப்படும் பெரும்பாறை முட்டுக்கற்களின் மேல் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைக் கட்டிய அரசன் காசியப்பனோ மலையைவிட்டு இறங்கிச் சமவெளியில் போரிட்டுத் தோற்றான். செஞ்சி ராஜகிரிக்காரர்கள் புத்திசாலிகள். உச்சிக்குச் சற்று முன்னால் 24 அடி அகலப் பிளவு, அதன்மேல் மரப்பாலம். ஆபத்தென்றால் பாலத்தை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான் பொறி. முகலாயப் படை 1690இல் வந்து 1698 வரை அந்தக் கோட்டையோடு மல்லுக்கட்டியது.

இயந்திரப் படிக்கட்டுத்தான் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்களுக்கு நகரும் படிக்கட்டு இருக்கிறது, ஆனால் அது ஓடும்போதைவிட நின்றுபோன பிறகே நல்ல பொறி. லண்டனில் ரேனால்ட்ஸ், புரோன்ஸ்டைன் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு நகர்ந்த மேடை இப்போது நகராது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களும் அதில் கால் வைத்ததும் முன்னால் சாய்ந்தார்கள். மூளைக்குத் தெரிந்த செய்தி காலுக்குப் போய்ச் சேரவில்லை. செங்குத்தான படிக்கட்டே போதுமே, பத்துமலையின் 272 படிகள் போல, என்பார் இன்னொருவர். போதாது. தைப்பூசத்தன்று காவடி சுமந்தே அவற்றில் ஏறிவிடுகிறார்கள். செங்குத்து என்றால் மனிதன் குனிந்து பார்த்து நடப்பான். 2018இல் படிகளுக்குப் பல வண்ணம் பூசிய பிறகு பார்க்காமல் இருப்பதுதான் கடினம். படி சாதாரணமாக, பார்க்கத் தேவையே இல்லாததாகத் தோன்ற வேண்டும்.

என் வடிவம் ஒரு தாளின் பின்பக்கத்தில் அடங்கும்: இருபது படிகள், பதினான்காவது மட்டும் அரை அங்குலம் கூட. விருந்தாளிகளும் விழுவார்களே, எச்சரிக்கைப் பலகை வேண்டாமா என்று கேட்கும் நல்ல மனசுக்காரர்களுக்காக அதையும் சேர்த்திருக்கிறேன். 'படியைப் பார்த்து நடக்கவும்' என்று பெரிய எழுத்தில், பதின்மூன்றாவது படியில் நிற்பவர் நிமிர்ந்து படிக்கும் உயரத்தில்.