கட்டத்துக்கு ஒரு பொய்: ஆங்கிலேயத் திருமணப் பதிவேடு பற்றி ஓர் ஆய்வு

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்ற கருதுகோளைச் சொல்லாத பெரியவர் இல்லை. ஆவணம் வைத்து எண்ணிப் பார்த்தவரைத்தான் காணோம். அக்குறையை இக்கட்டுரை தீர்க்கிறது. ஆய்வுக்களம் இங்கிலாந்து. 1837 ஜூலை 1 முதல் அங்கே திருமணங்கள் ஒரே மாதிரி அச்சுப் படிவத்தில் ஏறின என்பதால் பொய்யை எண்ணுவது எளிது. பெயர், வயது, முன்பு மணமானவரா என்ற நிலை, தொழில், இருப்பிடம், தந்தை பெயர், தந்தை தொழில் என ஆளுக்கு ஏழு கட்டம். ஒரு ஜோடி முழுமூச்சாக முயன்றாலும் 14 பொய்யைத் தாண்ட முடியாது. ஆயிரத்தை எட்ட 72 ஜோடி வேண்டும். கருதுகோள் முதல் பத்தியிலேயே விழுந்துவிட்டது. ஆனாலும் கட்டுரையைத் தொடர்வதே ஆய்வு மரபு.

முதலில் வயது. பல பதிவுகளில் எண்ணே இராது. ‘முழு வயது’ என்று மட்டும் இருக்கும். 21 நிரம்பியவர் என்று பொருள். 22ம் முழு வயது, 72ம் முழு வயது. கொள்ளுத் தாத்தா பிறந்த ஆண்டைத் தேடுபவருக்கு இதைவிட உதவாத தகவல் கிடையாது. 21க்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் குறுக்கே வரும். எனவே வீட்டுக்குத் தெரியாமல் வந்த பத்தொன்பது வயதுப் பையன் தேவாலய வாசற்படியிலேயே இரண்டு வயது வளர்ந்துவிடுவான். மாப்பிள்ளைக்கு மூத்த பெண் அதே படியில் நாலைந்து வயது இறங்கிவிடுவாள். பாதிரியார் சான்று கேட்கமாட்டார், சொன்னதை எழுதிக்கொள்வார்.

அடுத்தது இருப்பிடம். இருவருக்கும் ஒரே முகவரி இருப்பதைப் பார்த்துக் கொள்ளுப்பாட்டியின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. சந்தேகிக்க வேண்டியது அவள் சிக்கனத்தை. மணமக்கள் வெவ்வேறு பங்கினர் என்றால் இரண்டு தேவாலயங்களிலும் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும், கட்டணமும் இரண்டு. ஒரே முகவரி என்றால் ஒன்றோடு போயிற்று. 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமோ, மணம் முடிந்தபின் இருப்பிடத்துக்கு நிரூபணம் தேவையில்லை என்று இன்னும் வசதி செய்து கொடுத்திருந்தது. ஒவ்வொரு பொய்யையும் ஏதோ ஒரு சட்டமோ கட்டணமோதான் பெற்றெடுத்திருக்கிறது என்பதே இவ்வாய்வின் முடிபு.

நிலைக் கட்டம் இதற்கு நல்ல சான்று. நீதிமன்ற மணமுறிவு 1858இல்தான் வந்தது. வந்த பிறகும் ஏழைக்கு எட்டாத விலை. ஆகவே மனைவி அடுத்த மாவட்டத்தில் நலமாக இருக்க, கணவர் இங்கே ‘மனைவியை இழந்தவர்’ ஆனார். இழந்தது என்னவோ உண்மைதான். இன்னொரு விசித்திரம்: 1835 முதல் 1907 வரை, இறந்த மனைவியின் தங்கையை மணந்தால் செல்லாது. அப்படியும் மணந்தார்கள், தங்களை அறியாத ஊருக்குப் போய். அக்காள் பதிவிலும் தங்கை பதிவிலும் தந்தை பெயர் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஒரு பொய்கூட இல்லாத பதிவு, செல்லாத கல்யாணம்!

கற்பனை கொடிகட்டிப் பறப்பது தந்தைக் கட்டத்தில். தந்தை பெயர் அறியாப் பிள்ளை மாப்பிள்ளையாகி, பெண் வீட்டார் பார்த்திருக்க, பாதிரியார் முன் நிற்கிறான். கட்டத்தைக் காலியாக விட்டால் மானம் போகும். தாய்வழித் தாத்தாவைத் தந்தையாக்குவான். இல்லையேல் தன் குடும்பப் பெயரோடு ஓர் ஆளையே படைத்து, அவருக்கு ஒரு தொழிலும் கொடுத்து, ‘காலமானார்’ என்று உடனே முடித்தும் விடுவான். நூற்றைம்பது ஆண்டு கழித்து வாரிசுகள் அவருடைய கல்லறையைத் தேடி அலைகிறார்கள். அசல் தந்தைகளும் தப்பவில்லை: கூலிக்காரர் பதிவேட்டில் விவசாயியானார், கடைக்காரர் கனவானானார். எந்த அரசும் இவ்வளவு வேகமாகப் பதவி உயர்வு தந்ததில்லை.

எழுதுபவர் பிழை தனி வகை. 1841இல் மணமகன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரும் மணமகள்களில் பாதிப்பேரும் கையெழுத்துக்குப் பதில் கீறல் போட்டவர்கள். பாதிரியார் காதில் விழுந்ததே பெயர். இவ்வகைப் பிழைக்குப் பழைய சான்றும் உண்டு: 1582 நவம்பர் 27 அன்று வூஸ்டர் ஆயரின் பதிவேட்டில், ஷேக்ஸ்பியர் மணக்கவிருப்பது டெம்பிள் கிராஃப்டன் ஊர் ஆன் வாட்லி என்று ஏறியது. மறுநாள் பிணைப் பத்திரத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு ஆன் ஹாத்வே. எழுத்தரின் கைப்பிசகு என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து ஒரு முன்னாள் காதலியையே உருவாக்கி, அவளுக்காகக் கண்ணீரும் விட்ட ஆய்வாளர்கள் உண்டு.

தாயார் பெயருக்கு இங்கிலாந்துத் திருமணப் பதிவில் இடம் கிடைத்தது 2021 மே மாதத்தில். அதுவரை தாயைப் பற்றிப் பொய் சொல்லும் உரிமைகூட யாருக்கும் இல்லை.

தேடலில் இறங்கும் வாசகருக்கு ஒரு விண்ணப்பம். பொதுப் பதிவாளரகச் சான்று, பாதிரியார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தனுப்பிய நகலிலிருந்து வருவது. மாவட்ட ஆவணக் காப்பகத்தில் மூலப் பதிவேட்டைப் பாருங்கள். அடியில் சாட்சிகளின் கையெழுத்து இருக்கும். அவர்களிடம் யாரும் வயதும் கேட்கவில்லை, தந்தையையும் கேட்கவில்லை. பொய் சொல்ல வாய்ப்பே இல்லை. பல நேரம் அண்ணனாகவோ நாத்தனாராகவோ இருப்பார்கள், அவர்களிடமிருந்து தொடங்குங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே சாட்சி வந்தால் மட்டும் அவர் தேவாலய ஊழியர். அவரை மூதாதையாக்கிவிட வேண்டாம்.