மாரிக்குப்பம் ரயில்

பங்காருபேட்டையில் இருந்து மாரிக்குப்பம் வரை ஏறக்குறைய 16 கிலோமீட்டர். எங்கள் கோலார் தங்கவயலின் ரயில்பாதை அவ்வளவுதான். வழியில் வரும் கோரமண்டல், உரிகம், சாம்பியன் எல்லாமே சுரங்கங்களோடு சேர்ந்த பெயர்கள். 1894-இல் இந்தக் கிளைப்பாதையைப் போட்டதே தங்கத்துக்காகத்தான். சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-இல் மின்சாரம் வரும்வரை சுரங்கங்கள் நீராவியில் ஓடின. அதற்கு நிலக்கரி வேண்டும், இயந்திரங்கள் வேண்டும், எல்லாவற்றையும்விட ஆட்கள் வேண்டும். வடாற்காட்டிலும் சேலத்திலும் நிலமில்லாமல், சாதிக்கொடுமை தாளாமல் கிளம்பிய தமிழர்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான்.

நான் பிறந்தது சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில். சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும். ஊரின் கடிகாரம் அதுதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். 'ஏர் பிளாஸ்ட்' என்போம். மேலே வீடு குலுங்கும், அடுக்கிவைத்த பாத்திரம் உருளும். அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். கூண்டு மேலே வந்து, கதவு திறந்து, அவரவர் ஆளின் முகம் தெரிகிறவரை ஒருத்தியும் பேசமாட்டாள். தப்பித்து வந்தவர்களையும் கல்தூசி நுரையீரலில் இருந்துகொண்டு மெதுவாகத் தின்றது. அப்பாவின் இருமல் இன்றும் என் காதில் இருக்கிறது.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண்மேடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன, காற்றடித்தால் ஊருக்குள் தூசி வரும்.

ஆனால் ரயில் நிற்கவில்லை. ஆட்களைக் கொண்டுவந்த அதே பாதை இப்போது அவர்களை விடியுமுன் பெங்களூருக்கு அள்ளிக்கொண்டு போகிறது. சீசன் டிக்கெட், சாப்பாட்டு டப்பா, நிற்க இடமில்லாத பெட்டி. திரும்பி வரும்போது இருட்டிவிடும். தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கித் தங்கம் எடுத்துக்கொடுத்த ஊருக்கு, வீட்டுப் பக்கத்திலேயே போதுமான வேலை இல்லாதது அநியாயம். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் ஆண்கள். பெண்களுக்கு வாசலில் காத்திருப்பது மட்டுமே மிச்சம். இன்று அந்த வீடுகளின் பேத்திகள் மருத்துவமனைக்கும் தையல் ஆலைக்கும் கல்லூரிக்கும் இதே ரயிலில் போகிறார்கள். என் தங்கை மகள் நர்சிங் பரீட்சைக்குப் படித்ததில் பாதி, பங்காருபேட்டை தாண்டி உட்கார இடம் கிடைத்த பிறகுதான்.