அருகில்தான், முப்பது காதம்

கணவனும் மனைவியும் பாலைவனத்தில் மாதக்கணக்கில் நடந்தால் தாம்பத்தியம் இறுகும் என்பது இன்றைய நெடுநடைக்காரர்களின் வேதம். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா வரை சுமார் 4,265 கிலோமீட்டர் நீளும் பசிபிக் கிரெஸ்ட் பாதையின் தொடக்கமே கலிபோர்னியாவின் வறண்ட நிலம்தான். சிலப்பதிகாரம் இந்த வேதத்தை ஒப்புவதாகத் தெரியவில்லை. புகாரை விட்டு ஒரு காதம் போவதற்குள் கால் நொந்த கண்ணகி, மதுரை எங்கே என்று கேட்கிறாள். அருகில்தான், நம் நாட்டுக்கு அப்பால் முப்பது காதம் என்று சிரிக்கிறான் கோவலன். கணவர்களின் தூரக்கணக்கு அன்றைக்கே இப்படித்தான். நடை ஒழுங்குக்கு வந்தது சமணத் துறவி கவுந்தியடிகள் மூன்றாமவராகச் சேர்ந்த பிறகு.

கோவலனும் கண்ணகியும் பிழைப்புத் தேடிப் போனவர்கள், உல்லாச நடையோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். வெயில் காரணம் விசாரிப்பதில்லை. பகல் வெம்மையைக் கண்ணகி தாங்கமாட்டாள் என்று இரவில் நடக்க முடிவெடுத்ததுதான் கோவலனின் ஒரே உருப்படியான யோசனை. பாலை நடைக்கு இன்றும் அதே அறிவுரைதான். பக்தி வலுவிருந்தால் வெயில் உறைக்காது என்பார் பெண்ணாடத்தில் உண்டு. ஆனால் அவ்வூர்ச் சிவன் கோயிலான தூங்கானைமாடத்தை வணங்கிவிட்டுத் திருநெல்வாயில் அரத்துறைக்குக் கால்நடையாகக் கிளம்பிய சம்பந்தருக்கு, இறைவன் அருளியது இன்னும் நடக்கும் தெம்பையல்ல, முத்துச்சிவிகையும் குடையும் என்கிறது பெரியபுராணம். இப்போது பெண்ணாடத்தில் ரயில் நிலையமே இருக்கிறது.