பெட்டி மேல பழியைப் போடாதலே

ஏலே பேராண்டி, வா, இப்படி உக்காரு. மூஞ்சியை எதுக்குத் தூக்கி வச்சிருக்க? ஜி.டி.ஏ. 5 லேக் அடிக்குதாக்கும். அதுக்கு உங்கப்பன் புதுக் கம்ப்யூட்டர் எறக்கணுமாக்கும். நல்ல நியாயம்லே இது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதையைக் கேட்டிருக்கேன். ஆளை இப்பத்தான் நேர்ல பாக்குதேன்.

ரேடியோ, டி.வி.ன்னு பெட்டியைப் பிரிச்சுப் பிரிச்சே நரைச்ச தலை இது. எந்தப் பெட்டி வந்தாலும் மூடியைக் கழட்டுததுக்கு முன்னாடி ஒரே கேள்விதான்: என்ன செய்யுது, எப்பச் செய்யுது? உன்கிட்டயும் அதையே கேக்குதேன். ஆரம்பிச்சதுல இருந்தே படம் தவழுதா? இல்ல, கால்மணி நேரம் ஜோரா ஓடிட்டு அப்புறம் சோந்து போகுதா? காரை வெரட்டிக்கிட்டுப் புதுத் தெருவுக்குள்ள நுழையும்போது மட்டும் நின்னு நின்னு வருதா? இல்ல, தனியா ஆடும்போது ஒரு கொறையும் இல்லாம, ஆன்லைன்ல ஆடும்போது மட்டும் எதிராளி இங்ஙன இருந்து அங்ஙன தாவுதானா?

முதல்ல சொன்னது கார்டோ ப்ராசஸரோ. ரெண்டாவது சூடு. மூணாவது ராமும் டிஸ்க்கும். நாலாவது நெட்டு, அதுக்கு நீ லட்ச ரூவாக் கார்டு மாட்டினாலும் அவன் தாவத்தான் செய்வான்.

என்ன, முழிக்க? அதெல்லாம் நீ எங்க கவனிச்ச? உன் கண்ணு போலீஸ் எத்தனை ஸ்டார் போட்டிருக்கான்னுல்ல பாத்துக்கிட்டு இருந்திருக்கும்.

சரி, பெட்டிகிட்டயே கேப்போம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப், மூணையும் சேத்து அமுக்கு. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்பார்மன்ஸ் பக்கத்துக்குப் போ. சிபியு, மெமரி, டிஸ்க், ஜிபியுன்னு வரிசையா நிக்கும். ஜிபியு தெரியலன்னா உன் விண்டோஸ் ரொம்பப் பழசு, இல்லன்னா கிராபிக்ஸ் டிரைவர் பழசு. 2017 அப்டேட்டுல இருந்துதான் அதைக் காட்டுதான். கேமைக் கொஞ்ச நேரம் ஓட்டிட்டு ஆல்ட்-டேப் அடிச்சு எட்டிப் பாரு. கடைசி ஒரு நிமிசத்துல நடந்ததைக் கோடு போட்டு வச்சிருக்கும். எது உச்சியைத் தொட்டுக்கிட்டே நிக்குதோ அவன்தான் கள்ளன். மத்தவன்லாம் அவனுக்காகக் காத்துக் கெடக்கான்.

சிபியு 30 சதவீதந்தான்னு ஏமாந்துராத. நாலு கோர்ல ஒண்ணு முழி பிதுங்கிக்கிட்டு இருக்கும், மிச்ச மூணும் ஒறங்கும். மொத்தக் கணக்குல அது 30ன்னுதான் தெரியும். கோர் கோராப் பிரிச்சுப் பாக்கணும்.

கிணத்துல அஞ்சு ஹெச்.பி. மோட்டார் ஓடினாலும், வாய்க்கால்ல ஒரு எடத்துல மண்ணு சரிஞ்சிருந்தா கடைசி வயலுக்குச் சொட்டுத் தண்ணிதான். மம்பட்டியை எடுக்காம பத்து ஹெச்.பி. மோட்டாருக்கு விலை கேக்கப் போறவனை என்ன சொல்லுவ? அதைத்தான் நானும் சொல்லுதேன்.

இன்னொரு பரிச்சை இருக்கு, அஞ்சு பைசா செலவில்ல. இப்ப 1920-க்கு 1080 வச்சு ஆடுத. ஒவ்வொரு படத்துக்கும் 20 லட்சத்துச் சொச்சம் புள்ளி வரையணும். 1280-க்கு 720ன்னு எறக்கினா 9 லட்சத்துச் சொச்சந்தான். எறக்கிப் பாரு. சடார்னு வேகம் புடிச்சா தெணறுனது கார்டு. எறக்கியும் அசையலன்னா ப்ராசஸர். தெருவுல எத்தனை ஆளு நடக்கணும், எந்தக் கார் எங்க முட்டணும்னு கணக்குப் போடுதது ப்ராசஸர் வேலை. புள்ளி கொறைஞ்சாலும் அந்தக் கணக்கு கொறையாது. இதைப் பாக்காமக் கடைக்குப் போனேன்னு வையி, கடைக்காரன்கிட்ட எது விக்காமக் கெடக்கோ, அதுதான் உன் பெட்டியில கோளாறா இருக்கும்.

இப்ப உன் பெட்டிக்கு வருவோம். ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட ஐ5-3470. 2012-ல வந்த ப்ராசஸர். அதைக் கெழடுன்னு நீ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுத. ஜி.டி.ஏ. 5 கம்ப்யூட்டருக்கு வந்தது 2015 ஏப்ரல்ல. என்னென்ன இருந்தா நல்லா ஓடும்னு அப்ப கேம் பண்ணினவன் ஒரு பட்டியல் போட்டாம்பாரு, அதுல இன்டெல்ல எழுதியிருந்த பேரே ஐ5-3470தாம்லே! நீ கெழடுங்க, அவன் சிபாரிசு பண்ணியிருக்கான்.

ஆனா அந்தப் பட்டியலை மேற்கொண்டு படிக்கணும்ல? 8 ஜிபி ராம் வேணுங்கான், 2 ஜிபி மெமரியோட ஜிடிஎக்ஸ் 660 கார்டு வேணுங்கான். உன்கிட்ட இருக்கது 4 ஜிபி ராம். கார்டு கெடையவே கெடையாது. ப்ராசஸரோட ஒட்டிப் பொறந்த ஹெச்டி 2500தான் படம் வரையுது. பாவம்லே, அது எக்செல் கட்டம் வரையப் பொறந்த ஜீவன். அதுக்குச் சொந்தமா மெமரியும் இல்ல, அந்த 4 ஜிபியில இருந்தே கடன் வாங்கணும். விண்டோஸுக்கு ஒரு பங்கு, பின்னால நீ வரிசையாத் தொறந்து போட்ட குரோம் டேப்புக்கு ஒரு பங்கு. மிச்சம் இல்லன்னா விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்ல எழுதி வச்சுச் சமாளிக்கும். டிஸ்க்கோட முள்ளு ஒரு எடம் விட்டு இன்னொரு எடம் போயிப் படிக்க 10 மில்லி செகண்டு கிட்ட ஆகும். நொடிக்கு 60 படம் வேணும்னு அடம் புடிக்கியே, ஒரு படத்துக்கு மொத்தமே 16.7 மில்லி செகண்டுதான் கெடைக்கும். ரெண்டு வாட்டி டிஸ்க்குக்குப் போயிட்டு வந்தா அந்தப் படத்தோட நேரம் போச்சு. 2025-ல வந்த புதுப் பதிப்பையும் நீ நெனைச்சுப் பாக்காத, எஸ்.எஸ்.டி. இல்லாம அது வாசப்படி ஏறாது.

செலவுக்கு முன்னாடி மூடியைக் கழட்டு. கரெண்டைப் புடுங்கிட்டுக் கழட்டுலே, அவசரக் குடுக்கை! ப்ராசஸர் மேல காத்தாடி இருக்கும். அதுக்குக் கீழ அலுமினியத் தகடு. தகட்டுக்கு எடையில தூசி படிஞ்சு மெத்தையா அடைச்சிருக்கும். ஒரு முனையைப் புடிச்சா பூராவும் உரிஞ்சு வரும், உங்க வீட்டுப் பூனை முடியும் சேந்து. ப்ளோயர் அடிக்கும்போது காத்தாடியை விரலால புடிச்சுக்கோ; கண்டபடி சுத்த விட்டா பேரிங் கெட்டுப் போகும். பழைய தெர்மல் பேஸ்ட் காஞ்சு உதிரும். தொடச்சுட்டுப் பட்டாணி அளவு புதுசு வை. ப்ராசஸர் 100 டிகிரியை நெருங்கினா தானே வேகத்தைக் கொறைச்சுத் தன்னைக் காப்பாத்திக்கும். உச்சி வெயில்ல கிரிக்கெட் ஆடுத உனக்கு அந்தப் புத்தி உண்டா?

அடுத்து செட்டிங்ஸ். நிழலைக் கொறை, எம்.எஸ்.ஏ.ஏ.வை அணை, புல்லைக் கொறை. சிபியு தெணறினா தெருக் கூட்டத்தையும் கொறை, பாப்புலேஷன் டென்சிட்டின்னு இருக்கும். போலீஸ் துரத்தும்போது ரோட்டோரத்துல புல்லு அசையுதா இல்லியான்னா பாக்கப் போற? வாசல்ல மொளைச்ச புல்லைப் புடுங்குலேன்னா கண்ணுக்கே தெரியலங்க. கேம்ல மட்டும் ‘அல்ட்ரா’ புல்லு கேக்குதோ?

இவ்வளவும் செஞ்சப்புறம் காசை எறக்கு, அதுவும் வரிசையா. முதல்ல இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ராம். ஒண்ணுக்கு ரெண்டா மாட்டினா ரெண்டு வழியிலயும் சேந்து ஓடும். கடன் வாங்கிப் பொழைக்குத ஹெச்டி 2500க்கும் அது ஒத்தாசை. அடுத்தது எஸ்.எஸ்.டி. கார்டு கடைசி, அதையும் பாத்து வாங்கு. ஆபீஸ் பெட்டி எஸ்.எம்.பி.எஸ்.ல கார்டுக்குன்னு தனி வயர் அநேகமா இருக்காது. மதர்போர்டு ஸ்லாட்டு 75 வாட்டு வரைதான் குடுக்கும். 2014-ல வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐக்கு 60 வாட்டு போதும். 2016-ல வந்த 1050 டிஐக்குச் சரியா 75. ஒல்லிப் பெட்டின்னா உயரம் கொறைஞ்ச கார்டுதான் நுழையும், அளந்து எழுதிக்கிட்டுப் போ. மாட்டின பெறகு மானிட்டர் வயரைக் கார்டுல சொருகு. உன் சேக்காளி ஒருத்தன் கார்டை வாங்கி மாட்டிட்டு ஒரு மாத்தமும் இல்லன்னு வித்தவனை வைதுக்கிட்டுத் திரிஞ்சான். போயிப் பாத்தா வயரு பழையபடி மதர்போர்டுலயே கெடக்கு. கார்டு உள்ள சும்மா குளுகுளுன்னு உக்காந்திருக்கு.

கடைசியா ஒண்ணு. உங்கப்பன்கிட்டப் போகும்போது பாத்ததையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கொண்டு போ: மெமரி எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, சூடு எவ்வளவு, 720-ல எப்படி ஓடுச்சு. ‘புதுசு வேணும்’னு நின்னா எரிஞ்சு விழுவான், ‘ஒரு ராம் போட்டாப் போதும்’னு நின்னா பையைத் தடவுவான். படிப்புக்குத்தாம்பான்னு மட்டும் சொல்லிராத. செய்தி கேக்கத்தான்னு எங்கிட்ட டிரான்சிஸ்டரை வாங்கிட்டுப் போயி, போர்வைக்குள்ள விடிய விடியப் பாட்டுக் கேட்ட பயலே அவன்தான்.