கை கொடுக்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள்!

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம். ஒரு வேலையும் செய்யவிடாமல் ராஜா மாதிரி பார்த்துக்கொள்கிறோம். சரிதானே?
– தஞ்சாவூர் வாசகி

ராஜாவைச் சிம்மாசனத்தைவிட்டு இறக்குங்கள்! செய்யச் செய்யத்தான் மூளை மறுபடி பழகும். சட்டைப் பித்தானை அவரே போடட்டும். பத்து நிமிடம் ஆனால் ஆகட்டும்.

வீட்டில் செய்ய ஒரே ஒரு பயிற்சி சொல்லுங்களேன்?
– மதுரை வாசகர்

உட்கார்ந்து எழுவது. கட்டில், கழிவறை, பஸ் சீட் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. கைவைத்த மர நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். அவருக்கு முன்னால் அது எழுந்துவிடும். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, நன்றாக முன்னால் குனிந்து எழ வேண்டும். பாரத்தை எல்லாம் நல்ல காலே வாங்கிக்கொள்ளப் பார்க்கும். வாதம் வந்த காலைக் கொஞ்சம் பின்தள்ளி வைத்தால் அதுவும் வேலைக்கு வரும். எத்தனை தடவை என்பதை மட்டும் பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும்.

மாடிப்படியில் எந்தக் கால் முதலில்?
– சேலம் வாசகர்

ஏறும்போது நல்ல கால். இறங்கும்போது வாதம் வந்த கால். கைப்பிடி இல்லாத படி என்றால், தரைத்தளமே போதும்.

நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் மாமா நின்றுவிடுகிறார். மரியாதைக்காகவா?
– நெல்லை மருமகள்

ஆசைதான் உங்களுக்கு! நடைக்கே அவர் கவனம் முழுவதும் செலவாகிறது, பேச்சுக்கு மிச்சமில்லை. பேசினால் நின்றுவிடும் முதியவர்கள் பிற்பாடு விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இல் சுவீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இப்போதைக்குக் குடும்பக் கதையை உட்கார்ந்து பேசுங்கள்.

அம்மாவுக்கு பேலன்ஸ் டெஸ்டில் 56க்கு 38 மார்க். பாஸா?
– கோவை வாசகர்

இந்தப் பரீட்சையில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. இது பெர்க் அளவுகோல்: 14 சோதனை, ஒவ்வொன்றுக்கும் 4 மார்க். கண்ணை மூடி நிற்பது, தரையில் கிடக்கும் செருப்பை எடுப்பது, திரும்பிப் பார்ப்பது என்று எல்லாம் அன்றாடச் சங்கதிதான். எதில் மார்க் போனது என்று கேளுங்கள். அடுத்த மாதப் பாடம் அதுதான்.

தடுமாறினால் கையைப் பிடித்துத் தூக்கலாமா?
– திருச்சி வாசகி

வாதம் வந்த கையை இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவும். அந்தப் பக்கமாக, அரை எட்டு பின்னால் நில்லுங்கள். சாய்ந்தால் இடுப்பைத் தாங்குங்கள். சாயாதவரை உங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இதில் கஷ்டமான பயிற்சி உங்களுக்குத்தான்!