பஸ் பஞ்சாங்கம்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்கள் கண் விழிப்பதே மலையின் முகத்தில்தான் என்றபடியால், அந்த மலையில் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்களில் பெரும்பாலோருக்கு எழுவதில்லை. அது வெளியூர் விருந்தாளிகளுக்கு மட்டுமே எழுகிற ஆசை. காதுகுத்துக்குச் சென்னையிலிருந்து வந்திறங்கிய மைத்துனர், மறுநாள் காலையில் மொட்டை மாடியில் நின்று பல் துலக்கியபடியே, "அது என்ன மலை? ஒரே நாளில் போய்விட்டுத் திரும்பலாமா?" என்று கேட்டுவிட்டால், வீட்டுக்காரர் அதற்குத் தாமாகப் பதில் சொல்லும் துணிச்சலை மேற்கொள்வதில்லை. "அதுக்குன்னு ஒருத்தர் இருக்காரு மாப்ள, கூட்டிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். அவ்விதம் அழைத்து வரப்படுகிற மகானுபாவரைப் பற்றியே இங்கே எழுதப் போகிறேன்.

இவர் தெருவுக்கு ஒருவர் உண்டு. பெரும்பாலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். தாலுகா ஆபீசிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ முப்பது வருஷம் பிறர் கணக்கைப் பார்த்துப் பழகிய கை, ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க மறுப்பதால், பஸ் கணக்கைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ஊரார் அவருக்கு "பஸ் பஞ்சாங்கம்" என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் சூட்டிய பெயர்தான் என்றாலும் அவருக்கு அது தெரியும், தெரிந்து உள்ளூர மகிழ்ச்சியும் உண்டு. பெயர் பொருத்தமானதே. நாள், கிழமை, பருவம் ஆகியவற்றைக் கேட்டறியாமல் எந்தப் பிரயாணத்துக்கும் அவர் சம்மதம் கொடுப்பதில்லை. சித்ரா பௌர்ணமி என்றால் மங்கலதேவி கண்ணகி கோயில் திறக்கும் வருஷத்தின் ஒரே நாள். அன்றைக்குக் குமுளிப் பக்கம் வேறு காரியமாகப் போகிறவன் புத்திசாலியல்லன் என்பார். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக் கூட்டம்; நெரிசல் மிகும்போது ஏறுகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் குமுளி வழியாகவும் போலீஸார் திருப்பிவிடுவார்கள் ஆதலால், போன வழியே திரும்பலாம் என்ற நம்பிக்கையைத் தை பிறக்கும் வரையில் யாரும் வைத்துக்கொள்ளலாகாது. முகூர்த்த நாள் என்றால், பஸ் வரும், இடம் வராது.

இவ்வளவு சாஸ்திரம் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் பள்ளத்தாக்கின் அமைப்பை அறியாதவர்கள். கீழே கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, போடி என்று ஊர்கள் சமவெளியில் கிடக்கின்றன. மேலே ஹைவேவிஸ், குமுளி, நெடுங்கண்டம், மூணாறு என்று ஊர்கள் மலையில் இருக்கின்றன. கண்ணுக்கு எல்லாம் பக்கத்தில்தான். ஆனால், இந்த மலையிலிருந்து அந்த மலைக்குப் போக வேண்டுமானால், ஏறியதை முழுவதும் இறங்கிப் பள்ளத்தாக்கைத் தொட்டு, வேறொரு ஊரில் வேறொரு பஸ் பிடித்து மறுபடியும் ஏற வேண்டும் என்பது அநேக இடங்களில் இயற்கை விதித்த விதி. ஹைவேவிஸ் இருக்கும் மேகமலை கம்பத்துக்குத் தென்கிழக்கே இருக்கிறது. அங்கே போக விரும்புகிறவன் முதலில் வடக்கே சின்னமனூருக்குப் போய், அங்கிருந்து தெற்கே திரும்பி, தென்பழனி சோதனைச்சாவடியைத் தாண்டி, சங்க இலக்கிய மலர்களின் பெயர் தாங்கிய 18 கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று ஏற வேண்டும். மாலை 6 மணிக்குச் சோதனைச்சாவடி மூடிவிடும் என்பதை மலரின் பெயர்களைப் படித்துக்கொண்டே மறந்துவிடக் கூடாது.

இதைவிட விசித்திரம் டாப் ஸ்டேஷன். போடியிலிருந்து குரங்கணி போய்த் தலையை நிமிர்த்தினால், டாப் ஸ்டேஷன் உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடியே கீழே கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ரயிலை 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தேயிலைப் பெட்டிக்கு வாய்த்த அந்தக் குறுக்கு வழி மனிதனுக்கு வாய்க்கவில்லை. பஸ்ஸில் போகிறவன் போடிமெட்டு ஏறி, பூப்பாறை கடந்து, தேவிகுளம் வழியாக மூணாறு அடைந்து, மாட்டுப்பட்டி மார்க்கமாக மேலும் 32 கிலோமீட்டர் போனால்தான் அந்த இடத்தை அடையலாம். "தேயிலையாப் பொறந்திருந்தா சுளுவாப் போச்சு" என்று நம்மவர் இதைப் பற்றிச் சொல்வதுண்டு.

ஆகவே, மைத்துனரின் கேள்வி சாதாரணக் கேள்வியல்ல. நம்மவர் திண்ணையில் அமர்ந்து, கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே, கிழித்துப் போட்ட தினசரிக் காலண்டர் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் வெள்ளைப் புறத்தில் பென்சிலால் இரண்டு கோடு இழுத்து, ஒரு பக்கம் "பு" என்றும் மறுபக்கம் "வ" என்றும் எழுதுகிறார். புறப்பாடு, வருகை. மைத்துனர் விநயமாக ஆரம்பிக்கிறார்.

"ஒரே நாள்ல மேகமலையும் மூணாறும் பாத்துட்டு வந்துடலாங்களா சார்?"

"தாராளமாப் பாக்கலாம் தம்பி. நாள் ஒண்ணு போதும். ராத்திரிதான் ரெண்டு வேணும்."

"கூகுள் மேப்ல மொத்தமே ஆறு மணி நேரம்னு காட்டுதே?"

"அது கார்ல போறவனுக்குச் சொல்லுது. நீங்க கார்லயா வந்தீங்க?"

மைத்துனர் காரில் வரவில்லை. ரயிலில் போடி வந்து இறங்கியவர். ரயிலைப் பற்றிக்கூட நம்மவருக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. மதுரை–போடி ரயிலை அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். அது தேனிக்குத் திரும்பி வந்தது 2022-இல், போடிக்கு வந்தது 2023 ஜூனில். "பன்னண்டு வருஷம் லேட்டா வந்த வண்டியை நம்பி நான் எப்படித் தம்பி கனெக்ஷன் எழுதறது?" என்று கேட்பார். கம்பத்துக்கு இன்னும் ரயில் வரவில்லை என்பதில் ஊரார் எல்லோருக்கும் வருத்தம். அவருக்கு மட்டும் அந்த வருத்தத்தின் அடியில் ஒரு சிறு நிம்மதி இருப்பதாக எனக்குச் சந்தேகம்.

அவருடைய கீர்த்தி உள்ளூரோடு நின்றுவிடவில்லை. எங்கள் தெருப் பையன் ஒருவன் மேற்படிப்புக்கு இத்தாலி போயிருக்கிறான். அந்தத் தேசத்தின் நடுப்பகுதியில் குன்றுதோறும் பழைய மதில் சூழ்ந்த ஊர்கள் இருக்கின்றன என்றும், விடுமுறையில் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆசை என்றும், பஸ் மாறுவதில் தினமும் தோற்றுப் போகிறேன் என்றும் அவன் வீட்டுக்குத் தொலைபேசியில் முறையிட்டிருக்கிறான். செய்தி நம்மவருக்கு எட்டியது. இரண்டே மாலைப் பொழுதில், பையன் அனுப்பிய கால அட்டவணைகளைப் பேத்தியின் கைப்பேசியில் பெரிதாக்கிப் படித்து, அவர் அந்தத் தேசத்தையும் வசப்படுத்திக்கொண்டார். சான் ஜிமிஞ்ஞானோவுக்கு ரயில் கிடையாது. போஜிபொன்சியில் இறங்கி பஸ் ஏற வேண்டும். அசிசிக்கு ரயில் உண்டு, ஆனால் ஸ்டேஷன் கீழே சமவெளியில், ஊர் மேலே குன்றில். ஓர்வியேட்டோவில் ஸ்டேஷன் வாசலிலிருந்தே மலையேறும் இழுவை ரயில் இருக்கிறது. இதைக் கேட்டபோது மட்டும் அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பக்கத்துப் பஸ்கள் பெரும்பாலும் ஓய்வு எடுத்துக்கொள்ளும் என்றும், டிக்கெட்டை முன்கூட்டிப் புகையிலைக் கடையில் வாங்கிக்கொள்வதே வழக்கம் என்றும் அறிந்து, "பொட்டிக்கடையில பஸ் டிக்கெட்டா? நல்ல ஏற்பாடு" என்று பாராட்டினார். "போஜிபொன்சி நம்ம சின்னமனூர், சான் ஜிமிஞ்ஞானோ நம்ம ஹைவேவிஸ், அவ்வளவுதான் விஷயம்" என்று பையனுக்கு உபதேசமும் செய்தார். பையன் போய் வந்து, அங்கே நடுக்காலத்தில் கட்டிய கோபுரங்கள் பதினான்கு இன்னும் நிற்கின்றன என்று பரவசமாகச் சொன்னபோது, அவர் கேட்ட ஒரே கேள்வி: "அதெல்லாம் சரி தம்பி, கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

இந்தக் கேள்வியில்தான் அவருடைய சுபாவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை நான் ஏட்டளவில் அறிந்தவனல்லன். அவரோடு மூணாறு போய் வந்து பிரத்தியட்சமாக அறிந்தவன். விடியுமுன் கம்பம் பஸ் நிலையத்தில் கூடினோம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டுப் பக்கம் விரைந்துகொண்டிருந்தன. தூக்குச்சட்டியும் தலையில் துண்டுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களைக் காட்டி, "அவங்களுக்கு எந்த டைம் டேபிளும் வேண்டாம், பொழப்பே டைம் டேபிள்" என்றார். போடியில் மாறி, மெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, தேயிலைத் தோட்டங்களின் நடுவே பஸ் போகும்போது, பிரயாணிகள் அனைவரும் ஒருமிக்க ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். நம்மவரோ எதிரே வருகிற பஸ்களின் பெயர்ப் பலகையைப் படித்து, எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று காலண்டர் தாளில் குறித்துக்கொண்டிருந்தார். கேரள பஸ்ஸின் பலகையில் மலையாளம் மட்டும் இருந்தால் அவருக்குக் கவலையில்லை. எழுத்தைப் படிக்காமலே வண்டியின் அடையாளத்தை வைத்து ஊரைச் சொல்லிவிடுவார்.

மூணாறில் எங்களுக்கு அவர் ஒதுக்கியிருந்த காலம் 1 மணி 10 நிமிஷம். அதில் சாப்பாட்டுக்கு 20 நிமிஷம். கை கழுவுதல் முதலிய இதர காரியங்களுக்கு 10 நிமிஷம். மிச்சமுள்ள 40 நிமிஷமும் திரும்புகிற பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதற்கு. மாட்டுப்பட்டி அணை 13 கிலோமீட்டர்தானே, ஓர் ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று எங்களில் ஒருவர் தயங்கித் தயங்கி விண்ணப்பித்தார். "அணையைப் பாக்கப் போனா பஸ்ஸைப் பாக்க முடியாது" என்று ஒரே வாக்கியத்தில் அந்த விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. ஆக, மூணாறில் நாங்கள் பார்த்தவை: ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு பஸ் நிலையம், அதன் பின்னணியில் ஒரு மலையின் இடுப்பு வரையிலான பாகம்.

அன்று எல்லோருக்கும் அவர் மேல் மனத்தாங்கல்தான். ஆனால் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பூப்பாறையை நெருங்கும்போது, போடிமெட்டுச் சாலையில் மரம் விழுந்து போக்குவரத்து நின்றுவிட்டது என்று எதிரே வந்த லாரிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸிலிருந்த இளைஞர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடினார்கள், கிடைக்கவில்லை. நம்மவர் எழுந்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எறங்குங்க" என்றார். பூப்பாறை முக்கில், உடும்பன்சோலை வழியாக நெடுங்கண்டம் போகும் வண்டி ஒன்று இன்னும் கால் மணியில் வரும் என்றார், வந்தது. நெடுங்கண்டத்தில் மாறினோம். கம்பம்மெட்டில் இறங்கியபோது இருட்டிவிட்டது, பஸ் இல்லை. ஆட்களை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் ஜீப் ஒன்று அந்த நேரத்துக்கு அங்கே டீக்கடை வாசலில் நிற்கும் என்பது அந்தக் கடைக்காரருக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரிந்திருந்தது. வளைவில் வளைந்து இறங்குகையில் கீழே கம்பத்தின் விளக்குகள் தெரிந்தன. நாங்கள் அவற்றைப் பார்த்தோம். அவர் அப்போதும் கடிகாரத்தைத்தான் பார்த்தார். "ப்ளானைவிட ரெண்டு மணி நேரம் லேட்டு" என்று, தாமே ஏதோ பிழை செய்துவிட்டவர் போல வருந்தினார்.

பரோபகாரிகளில் இவர் ஒரு தனி ரகம். காசு கேட்பதில்லை, காப்பியோடு திருப்தி. நம்மை மலைக்கு அனுப்புவதைவிட மலையிலிருந்து திருப்பிக் கொண்டுவருவதே தம்முடைய பொறுப்பு என்று கருதுகிறார். அதற்காக மலையைத் தியாகம் செய்யவும் தயங்குவதில்லை. அவருக்குச் சரித்திரம்கூட அந்த நோக்கிலேதான் பொருள்படுகிறது. பெரியாறு அணையை 1895-இல் கட்டி முடித்துப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தந்த பென்னிகுயிக்கை அவர் தெய்வமாக மதிக்கிறார் என்பது உண்மை. லோயர் கேம்ப்பில் 2013-இல் திறந்த பென்னிகுயிக் மணிமண்டபத்துக்கு யாரையும் அழைத்துப் போகத் தயங்கமாட்டார் என்பதும் உண்மை. "ஒரு பஸ்ஸுல எறங்கி, கும்பிட்டு, அடுத்த பஸ்ஸுல ஏறிரலாம், அந்த ரோட்டுல வண்டி வந்துக்கிட்டே இருக்கும்" என்பது அந்தப் பக்தியின் கூடுதல் காரணம்.

வெளியூர் அன்பர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். எங்கள் பக்கம் வந்தால், எந்த இயந்திரத்தையும் நம்புவதற்கு முன் தெருவில் இந்தப் பெரியவர் யார் என்று விசாரியுங்கள். முதல் தடவை அவரோடு போங்கள், பத்திரமாகத் திரும்பி வருவதற்கு. இரண்டாவது தடவை அவர் இல்லாமல் போங்கள், மலையைப் பார்ப்பதற்கு. அந்த இரண்டாவது தடவைக்கும், புறப்படுவதற்கு முதல் நாளே ஒரு காலண்டர் தாளைக் கொடுத்து அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.